எழுதிக் கொடுங்க சார்

வாடகை வீட்டில் குடியிருக்கும் தோழர்களுக்காக இதை எழுதுகிறேன். சொந்த வீடு உள்ளவர்களும் படிக்கலாம். மயிலாப்பூரில் இரண்டு வருஷம் குடியிருந்துவிட்டுக் காலி செய்துகொண்டு வந்த கதை இது. அடிதடி எதுவும் நடக்கவில்லை. சாதிப் பேரைச் சொல்லி யாரும் என்னைத் திட்டவில்லை. நோட்டீஸ் கொடுத்தார்கள், நாள் கணக்குப்படி காலி செய்தேன், அட்வான்ஸ் திரும்பி வந்தது. பேப்பரில் பார்த்தால் எல்லாமே முறைப்படி இருக்கும். அந்த முறைக்குள்ளே என்ன நடந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

2021 கடைசியில் வீடு தேடி அலைந்தோம். நான், என் வீட்டுக்காரர், ஐந்து வயசு மகள். புரோக்கருக்கு ஒரு மாச வாடகை கமிஷன். தி.நகரில் ஒரு வீட்டுக்காரர் நேரடியாகவே கேட்டார்: "நீங்க என்ன ஆளுங்க?" அவர் வீட்டில் கறி மீன் எல்லாம் சமைப்பார்கள், சைவம் அசைவம் பற்றி அவருக்குக் கவலை இல்லை, சாதி மட்டும் தெரிய வேண்டும். நான் பதில் சொல்லாமல் நின்றதையே பதிலாக எடுத்துக்கொண்டு, "வேற பார்ட்டி அட்வான்ஸ் குடுத்துட்டாங்க" என்றார். அடையாறில் ஒரு அம்மா "வெஜ்ஜா நான்வெஜ்ஜா?" என்று மட்டும் கேட்டார். மயிலாப்பூரில்தான் ரொம்ப நாகரிகம். "உங்களுக்குப் பூர்வீகம் எது?" கேள்வி ஒன்றுதான். பேட்டைக்குப் பேட்டை உடுப்பு மாறுகிறது.

அந்த மயிலாப்பூர்ப் பெரியவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். "மதுராந்தகம் பக்கம் சார். அப்பா தமிழ் வாத்தியாரா இருந்தார். நானும் எம்.ஏ. தமிழ்." எல்லாமே உண்மை. வாத்தியார் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அவராக ஒன்றை நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டேன். மேடை மேடையாகச் சாதி ஒழிப்பு பேசுகிறவள், ஒரு மாடிப் போர்ஷனுக்காக வாயை மூடிக்கொண்டேன். முண்டகக்கண்ணியம்மன் கோயில் ஸ்டேஷனுக்கு நடந்துபோகிற தூரம், மகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கம், என் வேலைக்கு ஒரே பஸ். காரணம் நிறைய இருந்தது. வாய் மூடுவதற்கு எப்போதுமே காரணம் நிறைய இருக்கும்.

வாடகை 13,000, அட்வான்ஸ் 80,000. பதினோரு மாசத்துக்கு ஒரு அக்ரிமெண்ட், என் பேரில். இரண்டு தரப்பும் இரண்டு மாசம் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடித்துக்கொள்ளப்படும் என்று அதில் இருந்தது. வாடகை அதிகாரியிடம் பதியலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கும்மா, நாம என்ன கோர்ட்டுக்கா போகப்போறோம்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். குடிபோன அன்றைக்கே அண்ணல் அம்பேத்கர் படத்தை ஹாலில் மாட்டாமல் உள் ரூமில் பீரோவுக்குப் பக்கத்தில் மாட்டினோம். "ஹால்ல ஆணி அடிச்சா சுவர் பெயர்ந்துடும்" என்று மகளிடம் சொன்னேன்.

2023 நவம்பரில் மூன்றாவது அக்ரிமெண்ட். வாடகை 14,000 ஆனது. பெரியவரே வந்து கையெழுத்துப் போட்டார். "உங்கள மாதிரி டெனன்ட் கிடைக்கறது கஷ்டம்" என்றார். மூன்று வாரம் கழித்துப் புயல் வந்தது.

மிக்ஜாம் புயல் மழை, 2023 டிசம்பர் 3, 4. பெரும்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் எல்லாம் தண்ணீர். என் அத்தை பெரும்பாக்கம் குடியிருப்பில் இருக்கிறாள். அதற்கு முன்னால் கோட்டூர்புரம் பக்கம் அடையாறு ஆற்றோரம் இருந்தவள். 2015 வெள்ளத்துக்கப்புறம் அங்கிருந்து எடுத்து, ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டார்கள். கரண்ட் இல்லை, குடிக்கத் தண்ணி இல்லை என்று போன் வந்ததும், "கிளம்பி வந்துடு அத்தை" என்றேன். பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு முட்டியளவு தண்ணியில் நடந்து, பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள்.

வந்த அன்று ராத்திரி அவளிடம் மெதுவாகச் சொன்னேன். "அத்தை, கீழ் வீட்டு மாமி ஏதாச்சும் கேட்டா, ஊர்லேருந்து வந்திருக்கேன்னு சொல்லு."

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நான் இன்னாத்துக்குடி பொய் சொல்லணும்? மழையில வூடு முழுகிப் போச்சு, அண்ணன் பொண்ணு வூட்டுக்கு வந்துகீறேன். இதுல இன்னா பொய்?"

மறுநாள் காலையில் மோட்டார் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கக் கீழே இறங்கினாள். மாமி வாசலில் நின்றிருக்கிறார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீ கோடி வீட்டுல பாத்திரம் தேய்ச்சிண்டிருந்தவ இல்லையோ?" என்று கேட்டாராம். அத்தை சந்தோஷமாக, "ஆமாம்மா, நான்தாம்மா. நல்லாகீறீங்களா?" என்று விசாரித்துவிட்டு மேலே வந்தாள். என்னிடம் வந்து, "அந்தம்மாவுக்கு என்னை இன்னும் ஞாபகம் கீதுடி" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது. இதே தெருவில் எட்டு வருஷம் பின்வாசல் வழியாகப் போய் வேலை செய்தவள். அவளுடைய அண்ணன் மகள் முன்வாசல் படியேறி மாடியில் குடியிருக்கிறாள் என்பது அவளுக்குப் பெருமை. கீழ் வீட்டில் அந்தச் சேதி வேறு மாதிரி போய்ச் சேர்ந்திருந்தது.

அத்தை நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம், மார்கழி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது பெரியவர் படியேறி வந்தார். உள்ளே வரவில்லை.

"பையன் அமெரிக்காலேருந்து வரான். வீடு வேண்டியிருக்கு. இந்த மாசத்தோட காலி பண்ணிடுங்கோ."

"என்ன சார், போன மாசம்தானே புது அக்ரிமெண்ட் போட்டோம்?"

"திடீர்னு முடிவாயிடுத்து."

"மார்கழியில வீடு மாத்தக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்வீங்க?"

அவர் பேசவில்லை. இரண்டு வருஷமாக ராகு காலம், எமகண்டம் பார்த்தே வாடகை வாங்கியவர். ஆடியில் பால் காய்ச்சக்கூடாது, மார்கழியில் குடி மாறக்கூடாது என்று எனக்கே பாடம் நடத்தியவர். நம்மை வெளியேற்றுவதற்கு மட்டும் எல்லா மாசமும் நல்ல மாசம்தான்.

"சரி சார். அக்ரிமெண்ட்படி ரெண்டு மாசம் நோட்டீஸ். அதை எழுதிக் கொடுங்க" என்றேன்.

"வாயால சொன்னா போறாதா? நாம என்ன அப்படியா பழகியிருக்கோம்?"

என் வீட்டுக்காரர் ராத்திரி சொன்னார்: "விடு. அவமானப்பட்டுக்கிட்டு எதுக்கு இங்க இருக்கணும்? பத்து நாள்ல போயிடலாம்." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்து நாளில் போனால் நாமே ஓடிப்போன மாதிரி ஆகும். திருடன்தான் ராத்திரியோடு ராத்திரியாக ஓடுவான்.

அன்றைக்குப் பரோடாதான் நினைவுக்கு வந்தது. நம் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட அன்று அதைத் திரும்பப் படிப்பது வேறு. 1917-இல் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வேலைக்குச் சேரப் பரோடா வந்த பாபாசாகேபுக்குத் தங்க இடமில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் நாளைக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்து, பார்சிப் பேரில் பதிந்துகொண்டு தங்கினார். பதினோராம் நாள் காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் கையில் தடியோடு வந்து நின்றார்கள். அவர் ஒரு வாரம் அவகாசம் கேட்டார். அரசாங்கம் வீடு கொடுக்கும் என்று நம்பியிருந்தார். சாயங்காலத்துக்குள் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இந்து நண்பர் ஒருவர், கிறித்துவ நண்பர் ஒருவர், இரண்டு பேர் வீட்டிலும் இடம் கேட்டார். கிடைக்கவில்லை. பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். இதை அவரே பின்னால் எழுதிவைத்தார்.

முன்பெல்லாம் இதைப் படிக்கும்போது தடிகள்தான் என் கண்ணில் படும். இந்த முறை அந்த ஒரு வாரம் கண்ணில் பட்டது. அவர் கேட்டது ஏழு நாள். மாற்று இடம் பார்க்க ஏழு நாள். அதைக்கூடக் கொடுக்கவில்லை. பேரை மறைத்துத் தங்கியதால் எந்த உரிமையில் அந்த ஏழு நாளைக் கேட்பது என்ற சங்கடம் அவருக்கும் இருந்திருக்குமோ என்று யோசித்தேன். எனக்கு இருந்தது. ஆனால் நான் பேரை மறைக்கவில்லை. அக்ரிமெண்ட்டில் என் பேர், என் அப்பா பேர், என் கையெழுத்து. அந்தக் காகிதத்தில் சாதிக்குத் தனியாக ஒரு கட்டம் இல்லை. அதனால் இரண்டு மாசமும் எனக்குச் சேர வேண்டியதுதான்.

காலையில் எழுந்து பீரோவுக்குப் பக்கத்திலிருந்த படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து ஹாலில் மாட்டினேன். சுவர் பெயரவில்லை.

வழக்கறிஞர் தோழர் ஒருவரைப் பார்த்தேன். அவர் சொன்னதில் எனக்கு விளங்கியதை எழுதுகிறேன், உங்களுக்கும் உதவும். மாச வாடகைக்கு இருக்கிறவரைக் காலி செய்யச் சொல்லப் பதினைந்து நாள் நோட்டீஸ் என்பது 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 106. வேறு ஒப்பந்தம் இருந்தால் ஒப்பந்தத்தில் உள்ள நாள்தான் கணக்கு. அதற்கு மேலே தமிழ்நாட்டில் 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தில் வீட்டுக்காரர் ஒரு மாச வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. மெட்ராஸ் பூராவும் பத்து மாசம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு 2017-இல் போட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாச வாடகைக்கு மேல் போகக்கூடாது. வீட்டை ஒப்படைத்த ஒரு மாசத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். சண்டை வந்தால் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக்கூடாது.

தோழர் இன்னொரு விஷயமும் சொன்னார். 1979-இல் தனபால் செட்டியார் எதிர் யசோதை அம்மாள் வழக்கு. நம் தமிழ்நாட்டு வழக்குதான். உச்சநீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து, வாடகைச் சட்டத்தின் கீழ் காலி செய்யக் கேட்கும்போது பிரிவு 106 நோட்டீஸ் கட்டாயமில்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். சட்டம் சொல்லும் காரணம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். வாடகை பாக்கி, உள்வாடகை, இடித்துக் கட்டுவது, சொந்த உபயோகம் என்று காரணங்களைச் சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. கேட்டதும் எனக்கு ஒன்று உறைத்தது. நோட்டீஸ் என்பது நாள் கணக்கு. நியாயம் இருப்பது காரணத்தில். பட்டியலில் சாதி இல்லை. ஆனால் 'சொந்த உபயோகம்' இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பையன் இருந்தால் போதும்.

"வன்கொடுமைச் சட்டத்தில் போக முடியாதா? வீட்டைவிட்டு, ஊரைவிட்டு வெளியேறக் கட்டாயப்படுத்துவது 1989 சட்டத்திலேயே குற்றம்தானே?" என்று கேட்டேன்.

"குற்றம்தான். அவர் சாதி பத்தி ஒரு வார்த்தையாவது சொன்னாரா?"

"இல்லை."

"எழுதினாரா?"

"இல்லை."

"அப்ப அத்தையை மாமி ஞாபகம் வச்சிருந்தாங்கன்னுதான் நாம கேஸ் போடணும்."

நான் அஞ்சலகத்துக்குப் போய், கீழ் வீட்டுக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினேன். பதினெட்டுப் படி இறங்கினால் கையில் கொடுத்துவிடலாம். தபால்காரர் இரண்டு முகவரியையும் பார்த்துவிட்டு, "ஒரே வீடாம்மா?" என்று கேட்டார். "ஒரே வீடு மாதிரிதான் இருக்கும்ணே" என்றேன். அதில் மூன்றே வரி. நீங்கள் வாய்மொழியாகக் காலி செய்யச் சொன்னீர்கள். ஒப்பந்தப்படி எழுத்து மூலம் இரண்டு மாத அறிவிப்பு தர வேண்டும். காரணத்தையும் குறிப்பிடக் கேட்டுக்கொள்கிறேன்.

2024 ஜனவரி 5-ஆம் தேதி வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்தது. மகனின் குடியிருப்புக்காக வீடு தேவைப்படுகிறது, கிடைத்த நாளிலிருந்து இரண்டு மாதம். மார்ச் 5 வரை என் வீடு அது. அந்த இரண்டு மாசமும் மோட்டார் சுவிட்ச் அவர் வசதிக்குத்தான் போடப்பட்டது. துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனால் பூட்டு. சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு இன்னொரு கடிதம் எழுதினேன். தண்ணீர் ஒழுங்காக வந்தது, பூட்டு மட்டும் கிடந்தது. மாமி என் மகளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் "பாட்டி ஏன் பேச மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியாமல், அவளை உட்காரவைத்து ஹாலில் இருந்த படத்தில் இருப்பவர் யார் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

சைதாப்பேட்டையில் ஒரு முஸ்லிம் அம்மாவின் வீடு கிடைத்தது. அவர் கேட்டது ஒன்றுதான்: "வாடகை அஞ்சாம் தேதிக்குள்ள வந்துடுமா?" அவர்களுக்கு அடையாறில் வீடு கிடைக்காத கதையை அப்புறம் சொன்னார். அது தனிக் கதை.

மார்ச் 4-ஆம் தேதி வீட்டை ஒப்படைத்தேன். கூட்டிப் பெருக்கித் துடைத்து, கரண்ட் பில் கட்டிய ரசீது, மீட்டரைப் படம் பிடித்தது, மூன்று சாவி, இரண்டு மாச வாடகை கட்டிய கணக்கு எல்லாம் கையில். பலபேர் கடைசி மாச வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வார்கள். நான் செய்யவில்லை. பாக்கி என்ற சொல் என் பேரில் வரக்கூடாது.

பெரியவர் 60,000 ரூபாய்க்குச் செக் எழுதிக்கொண்டு வந்திருந்தார். "பெயிண்டிங் 14,000. அப்புறம் வீடு சுத்தம் பண்ண 6,000."

"பெயிண்டிங் அக்ரிமெண்ட்ல இருக்கு, சரி. சுத்தம்னா என்ன சார்? துடைச்சுத்தானே குடுத்திருக்கேன். தரையைத் தொட்டுப் பாருங்க."

"அது வேற. எங்களுக்குன்னு சில முறை இருக்கு."

எனக்குப் புரிந்துவிட்டது. புரோகிதர் வருவார், கலசம் வைப்பார், மாவிலையில் தண்ணீர் தெளிப்பார். என் மகள் தவழ்ந்து விளையாடிய தரைக்குத் தீட்டுக் கழிக்க ஆகும் செலவை என் அட்வான்ஸில் பிடிக்கிறார். கை நடுங்கியது. சத்தம் போட வேண்டும் போல இருந்தது. ரசீதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"பிடிச்சுக்குங்க சார். ஆனா 6,000 எதுக்குன்னு இதுல எழுதிக் கொடுங்க. என்ன சுத்தம், ஏன் சுத்தம், எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

பேனாவைக் கையில் எடுத்தார். ரொம்ப நேரம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி உள்ளேயிருந்து, "குடுத்துத் தொலையுங்கோ" என்றார். செக்கைக் கிழித்துவிட்டு 66,000-க்கு வேறு எழுதினார். வாங்கிக்கொண்டு, சாவி பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, முன்வாசல் வழியாக இறங்கி வந்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்தத் தெருப் பக்கம் போக வேண்டியிருந்தது. கேட்டில் டூலெட் போர்டு தொங்கியது. 'சைவக் குடும்பத்தினருக்கு மட்டும்.' இந்த முறை அதையாவது எழுதியிருக்கிறார்.

ரசீதை எடுத்துக்கொண்டு பெரும்பாக்கம் போய் அத்தையிடம் காட்டினேன். பொய் சொல்லச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். "போடி" என்றாள். அப்புறம் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ரெண்டு மாசம் குடுத்தானா உனக்கு? எங்களுக்கு இன்னா குடுத்தாங்க? வந்து சுவத்துல நம்பர் எழுதிட்டுப் பூட்டாங்க. ஒருநாள் வண்டி வந்துச்சு, ஏறுன்னாங்க. ஏறினோம்." முப்பது வருஷம் இருந்த வீடு. சாவி கொடுக்கவும் இல்லை, ரசீது வாங்கவும் இல்லை. பூட்டே இல்லாத வீட்டுக்கு ஏது சாவி?

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகளை இடித்தார்கள். நான் குடியிருந்த மாடியிலிருந்து நடந்துபோகிற தூரம். நீதிமன்ற உத்தரவு இருந்தது. பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்த மாசம் அது. அவகாசம் கேட்டு மக்கள் தெருவில் நின்றார்கள். ஒருவர் தன்மேல் தீ வைத்துக்கொண்டு இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கத்திலேயே வீடு தருகிறோம் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. அன்றைக்கு நான் அங்கே போனேன். கோஷம் போட்டேன். சாயங்காலம் திரும்பி வந்து, பெரியவர் "எங்க போயிட்டு வரேள்?" என்று கேட்டபோது, "லைப்ரரிக்கு சார்" என்றேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

தோழர்களுக்கு நான் சொல்வது இதுதான். வாய்ச் சொல்லை நம்பி வீட்டைக் காலி செய்யாதீர்கள். சாதி எப்போதும் வாயால்தான் உத்தரவு போடும், கையெழுத்துப் போடாது. எழுதிக் கேளுங்கள். நாளை எழுதச் சொல்லுங்கள், பிடித்தத்தை எழுதச் சொல்லுங்கள், காரணத்தை எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தைப் பதியுங்கள். கடைசி நாள்வரை இருந்து, வாடகை கட்டி, முன்வாசல் வழியாகச் சாவியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இவ்வளவு செய்தும் என் பையிலுள்ள காகிதங்களில் உண்மை இல்லை. வக்கீல் நோட்டீஸில் அமெரிக்காவிலிருந்து வராத பையன் இருக்கிறான். ரசீதில் 66,000 இருக்கிறது. மாடியில் குடியிருந்தவளின் அத்தை கோடி வீட்டில் பாத்திரம் தேய்த்தவள் என்பதால் வீடு போனது என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. அவர் எழுத மாட்டார். அதனால் நான் எழுதியிருக்கிறேன்.